தொலைவிலிருந்து ஒரு மறுகருத்து: தென்மராட்சியின் வாய்நோய் வைத்தியம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனிதனுக்கு வரும் நோய்களுள் பல்நோய் மிகச் சிறியதாகக் கருதப்படுவது வழக்கம். ஆயினும் அதற்கு அளிக்கப்படும் சிகிச்சைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பிடுங்கப்பட்ட பல் மீண்டும் முளைப்பதில்லை. துளையிட்டு அராவப்பட்ட பல் பழைய நிலையை அடைவதில்லை. காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து பயன்படாவிடின் மறுநாள் வேறு மருந்தை நாடலாம். பல்லைப் பொறுத்தவரை முதல் முடிவே பெரும்பாலும் இறுதி முடிவாகி விடுகின்றது. எனவேதான், பல்லைப் பிடுங்குவதா, அன்றி வேரைத் துப்புரவாக்கிக் காப்பதா என்னும் வினா எழும்போது, ஒரு வைத்தியர் கூறியதை இன்னொருவரிடம் உரைத்து அவருடைய அபிப்பிராயத்தையும் அறிந்துகொள்ள நோயாளர் விழைகின்றனர். இவ்வாறு பெறப்படும் இரண்டாவது அபிப்பிராயத்தையே இக்கட்டுரை மறுகருத்து எனக் குறிக்கின்றது.

நகரத்தவர்க்கு மறுகருத்து என்பது அடுத்த தெருவில் கிடைக்கும் பொருள். சாவகச்சேரி போன்ற ஓர் ஊருக்கு அது அவ்வளவு எளிதாக இருந்ததில்லை. தென்மராட்சியின் தலையூராகிய சாவகச்சேரி, யாழ்ப்பாண நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய பத்து மைல் தொலைவில் உள்ளது. பல் வைத்தியக் கல்வியின் இருப்பிடமாக நெடுங்காலம் விளங்கிவரும் பேராதனையோ ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. இத்தூரத்தைக் கடந்து அறிவுடையோரின் கருத்து இவ்வூரை அடைந்த வழிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. நூலாகவும் கடிதமாகவும் புகையிரதப் பயணமாகவும் நிழற்படமாகவும் அது வந்துள்ளது. தூரம் குறைந்த வரலாற்றை எவரும் எளிதிற் காண்பர். வந்த கருத்து நோயாளரின் மொழியில் வந்ததா, அவர் கேட்ட வினாவுக்கு விடையாக வந்ததா என்பதே ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

மேலைநாட்டு வைத்தியம் வருவதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் வளமான ஒரு வைத்திய மரபு நிலவியது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புடையனவாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இதற்குச் சான்றாகும். இவற்றுள் பரராசசேகரம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்களால் பகுதி பகுதியாக அச்சேற்றப்பட்டது. பரம்பரை வைத்தியர்கள் ஊர்தோறும் வாழ்ந்தனர். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பற்களுக்கு உறுதி தருவன என்பது படியாதவரும் அறிந்த முதுமொழியாயிருந்தது.

இம்மரபில் நோயை அறிதற்கு எண்வகைத் தேர்வுகள் வகுக்கப்பட்டிருந்தன. நோயாளரின் நாக்கு, மேனியின் நிறம், விழி ஆகியவற்றை வைத்தியர் கண்ணால் நோக்குவார். மலமும் நீரும் சோதிக்கப்படும். நாடியைப் பிடித்தும் உடலைத் தொட்டும் அறிவன இரண்டு. எஞ்சியது மொழி. நோயாளரின் பேச்சும் குரலும் நோயறியும் கருவிகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டமை ஊன்றி நோக்கத்தக்கது. இத்தேர்வுகளுட் பல வைத்தியரும் நோயாளரும் நேரிற் சந்திப்பதை வேண்டி நிற்பவை. ஆகவே அக்காலத்தில் மறுகருத்து நாடியவர் அயற்கிராமத்து வைத்தியரிடம் நடந்து சென்றார். இருவரும் ஒரே மொழியிற் பேசினர். அறிவின் எல்லை குறுகியதாயிருந்திருக்கலாம். மொழியின் தடை இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் யோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டளவில் பண்டத்தரிப்பில் பணியை ஆரம்பித்தார். அவரைத் தொடர்ந்து நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிற் பணிபுரிந்தார். 1833இல் சாவகச்சேரியும் மிசனின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. எனினும் வைத்தியத்தின் நடுநிலையமாக விளங்கியது மானிப்பாயே. 1847 அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் நிலைகொண்ட சாமுவேல் பிஸ்க் கிறீன் அதற்குக் காரணராவார்.

கிறீன் பிறந்தது மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில், 1822ஆம் ஆண்டில். அவர் தாயகத்தை விட்டுப் புறப்படுவதற்கு முந்திய ஆண்டிலேயே, அதே மாநிலத்தின் பொஸ்ரன் நகரில் வைத்திய உலகை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று இடம்பெற்றது. 1846 அக்டோபர் 16இல் வில்லியம் மோர்ட்டன் என்பவர் ஈதரை முகரச் செய்து நோயாளரை உணர்விழக்க வைக்க, சத்திரசிகிச்சையாளர் வலியின்றி அறுவை செய்தார். மோர்ட்டன் வூஸ்ரர் மாவட்டத்துச் சால்ற்ரன் என்னும் ஊரிற் பிறந்தவர். தொழிலால் பல் வைத்தியர். வலியின்றிப் பல் பிடுங்குவதற்கு வழிதேடிய ஒருவரின் முயற்சி சத்திரசிகிச்சை முழுவதற்கும் புதுவாழ்வு அளித்தது. உலகின் முதலாவது பல் வைத்தியக் கல்லூரி அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் தோன்றியது 1840இலேயே. ஆகவே பல் வைத்தியம் தனித்துறையாக உருப்பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், அது உருப்பெற்ற நாட்டிலிருந்து கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார் எனலாம். யாழ்ப்பாணத்திலோ பல், கண், எலும்பு அனைத்தும் ஒரே வைத்தியரின் பொறுப்பிலேயே இருந்தன.

கிறீனின் பெருமை அவர் நோய்தீர்த்தமையோடு முடிவதன்று. அவர் மானிப்பாயில் ஒரு வைத்தியக் கல்விக்கூடத்தை நடத்தி அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நிகழ்ந்த கல்வி 1860களில் தமிழுக்கு மாற்றப்பட்டது. இதற்கென அவர் தம் மாணவரோடு சேர்ந்து ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். பிரசவ வைத்தியம் 1857இலும், லண்டன் வைத்தியராகிய றொபேட் ட்ருயிற்றின் நூலைத் தழுவிய இரண வைத்தியம் 1867இலும், கிறேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகிய மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. கலைச்சொற்களை ஆக்குவதில் அவர் ஒரு முறைமையைக் கைக்கொண்டார். தமிழிலே தகுந்த சொல் உண்டா எனத் தேடினார். இல்லாதவிடத்து வடமொழியை நாடினார். அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார். கெமிஸ்தம் என்னும் நூற்பெயர் இம்மூன்றாவது வழிக்கு எடுத்துக்காட்டாகும்.

இம்முயற்சியின் பயனை நோயாளரின் நிலையிலிருந்து நோக்குதல் வேண்டும். லண்டனிலோ நியூயோர்க்கிலோ வாழ்ந்த பேரறிஞர் ஒருவரின் கருத்து மானிப்பாயிற் பயின்ற வைத்தியரின் கையில் தமிழ் நூலாக இருந்தது. அவர் அதனைத் தமிழிலே படித்தார், தமிழிலே சிந்தித்தார், நோயாளருக்குத் தமிழிலே விளக்கக்கூடியவரானார். தொலைவிலுள்ள அறிவு இடையே மொழிபெயர்ப்பாளர் எவரும் நிற்காமல் நோயாளரின் திண்ணையை அடைவதற்கு வழி பிறந்தது.

1873ஆம் ஆண்டில் உடல்நலங்குன்றிக் கிறீன் தாயகம் திரும்பினார். ஆயினும் அவருடைய தொடர்பு அறுந்துவிடவில்லை. 1884 மே மாதத்தில் இறக்கும்வரை, பதினொரு ஆண்டுகள், வூஸ்ரர் நகரிலிருந்தே தமிழ் வைத்திய நூற்பணியைத் தொடர்ந்தார். கையெழுத்துப் பிரதிகளும் திருத்தங்களும் கடல்கடந்து சென்றன. உடற்றொழில் பற்றிய மனுஷ சுகரணம் 1883இலும், மருந்துப்பொருள்கள் பற்றிய இந்து பதார்த்த சாரம் 1884இலும் இவ்வாறே உருப்பெற்றன. யாழ்ப்பாணத்துத் தமிழர் தொலைவிலிருந்து முறையாகப் பெற்ற வைத்திய ஆலோசனைகளுள் இதுவே மிகச் சிறந்தது எனக் கூறுதல் மிகையாகாது. அது தனியொரு நோயாளரின் பல்லைப் பற்றியதன்று. நோயைப் பற்றி எவ்வாறு எழுதுவது, எச்சொல்லாற் கூறுவது என்பதைப் பற்றியது.

கடிதவழி ஆலோசனை ஐரோப்பாவில் முன்னரே வேரூன்றிய வழக்கமாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் எடின்பரோவில் வாழ்ந்த வில்லியம் கலன் என்னும் வைத்தியப் பேராசிரியர், தாம் ஒருபோதும் கண்டிராத நோயாளர் பலருக்குக் கடிதமூலம் சிகிச்சை கூறிவந்தார். உள்ளூர் வைத்தியர் கூறியதில் ஐயுற்றவர்கள் அவருடைய கருத்தை நாடினர். 1781இலிருந்து, யேம்ஸ் வாற் அமைத்த படியெடுக்கும் பொறியைப் பயன்படுத்தித் தம் விடைகளின் பிரதிகளையும் அவர் பேணிவைத்தார். அக்கடிதங்களிற் பல நோயாளர் தாமே எழுதியவை. எங்கே வலி, எப்போது தொடங்கியது, எதை உண்டாற் கூடுகிறது என்பவற்றைத் தம் சொந்தச் சொற்களில் அவர்கள் எழுதினர். தொலைவிலிருந்து கருத்துக் கூறும் முறை பயனளித்தமைக்கு இதுவே அடிப்படையாகும். நோயாளர் தம் நோயைச் சொல்லத் தெரிந்தவராயிருந்தனர். சொல்லும் மொழியும் வைத்தியரின் மொழியாயிருந்தது.

யாழ்ப்பாணத்தில் கிறீன் இட்ட இவ்வடித்தளம் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி தோன்றியது. அங்கு கல்விமொழி ஆங்கிலம். அரசாங்க உத்தியோகமும் அதனோடு வந்த மதிப்பும் அவ்வழியே சென்றன. மானிப்பாய்த் தமிழ்வழிக் கல்வி கிறீனுக்குப் பின் தளர்ந்து மறைந்தது. இம்மாற்றத்தை முற்றிலும் இழப்பென்று கொள்ளுதல் நடுவுநிலையாகாது. வைத்திய அறிவு விரைந்து வளர்ந்த காலம் அது. இருபதாண்டுகளில் ஒரு நூல் பழையதாகிவிடும் நிலையில், ஒருசிலர் அமர்ந்து செய்யும் மொழிபெயர்ப்பு அவ்வேகத்துக்கு ஈடுகொடுத்திருக்குமா என்பது ஐயமே. ஆங்கிலங்கற்ற யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் உலகின் புதிய சஞ்சிகைகளை நேரடியாகப் படிக்கும் வாய்ப்பைப் பெற்றனர். ஆயினும் அன்றிலிருந்து வைத்தியரின் அறிவு ஒரு மொழியிலும் நோயாளரின் வருத்தம் இன்னொரு மொழியிலும் இருக்கலாயின. வைத்தியர் தமிழராக இருந்தபோதும் அவர் எழுதிய சீட்டு தமிழாக இருக்கவில்லை.

இதே காலப்பகுதியில் தூரம் மட்டும் குறைந்துகொண்டு வந்தது. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1905இல் அது கொழும்புடன் இணைந்தது. மாட்டுவண்டியில் ஒரு பொழுது பிடித்த யாழ்ப்பாணப் பயணம் குறுகிய நேரத்தில் முடிந்தது. அரசாங்க அதிபர் டைக் காலத்தில், 1850இல், தருமசங்கம் ஒன்றின் முயற்சியாற் தோன்றிய யாழ்ப்பாண ஆஸ்பத்திரி 1907இல் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. 1940களில் கொழும்பிற் பல் வைத்தியப் பட்டக்கல்வி ஆரம்பமாகி, 1950களிற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அதே 1950களில் நியூசிலாந்தின் உதவியுடன் பாடசாலைப் பற்சிகிச்சையாளரைப் பயிற்றும் நிலையம் மகரகமையில் அமைந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதற்கெனத் தனிப் பணியாளரை 1921இலிருந்தே பயிற்றிய நாடு நியூசிலாந்து ஆகும். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வைத்திய பீடம் தோன்றியபோதும் பல் வைத்தியக் கல்வி பேராதனையிலேயே நிலைத்தது. ஆகவே தென்மராட்சியில் ஒருவருக்கு அரிய வாய்நோய் ஏற்படின், நிபுணரின் கருத்து தெற்கிலிருந்தே வரவேண்டியிருந்தது.

அரிய வாய்நோய் என்பது வெறும் கற்பனையன்று. புகையிலை யாழ்ப்பாணத்தின் பழம்பெரும் பணப்பயிர். இங்கு விளைந்த புகையிலை நெடுங்காலமாகத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகிய நான்கையும் சேர்த்து மெல்லும் வழக்கம் இரு கரையிலும் பரவியிருந்தது. அதன் தீமையைப் பற்றிய செய்தி எதிர்க்கரையிலிருந்தே எழுந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அக்காலத் தென்திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமாகிய நெய்யூர் மிசன் வைத்தியசாலையிற் கண்ட நோயாளரைக் கொண்டு, வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றுநோய் பற்றிய கட்டுரை ஒன்று 1933இல் லான்செற் என்னும் லண்டன் சஞ்சிகையில் வெளிவந்தது. பாக்கு மட்டுமே தனித்துப் புற்றுநோயை விளைக்கவல்லது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் வாயைச் சார்ந்ததே.

இந்நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்திட்டாகவோ செந்திட்டாகவோ ஆறாத புண்ணாகவோ அது தோன்றும். பல்வலிக்கென வந்தவரின் வாயில் அதனைக் கண்டும் காணாது விடுதல் எளிது. இங்கேதான் மறுகருத்து உயிர்காக்கும் பொருளாகின்றது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் இத்திட்டுக்களை இனங்காண முடியுமா என ஆராய்ந்த சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய குழுவினரும் இலங்கையிற் செய்த ஆய்வின் முடிவை 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். குறுகிய காலப் பயிற்சி பெற்ற பணியாளரும் பெரும்பாலும் சரியாகவே இனங்கண்டனர் என்பது அதன் ஒரு முடிவு. இன்னொரு முடிவு சிந்தனைக்குரியது. நிபுணரிடம் செல்லுமாறு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய அரைவாசிப்பேரே சென்றனர். வலியற்ற ஒரு திட்டுக்காக ஒருநாட் கூலியை இழந்து நெடுந்தூரம் செல்வது ஏன் என்பது அவர்களுக்கு விளங்கும்படி சொல்லப்பட்டாலன்றி, அவர்கள் செல்லுவர் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

சென்றிருக்க விரும்பியவர்க்கும் வழி அடைபட்ட காலம் பின்னர் வந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். சாவகச்சேரி தாங்கவியலாத பாரத்தைத் தாங்கியது. 2000ஆம் ஆண்டுப் போரில் அதே சாவகச்சேரி இடிபாடாயிற்று. ஏ-9 பாதை 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009இலேயே திரும்பத் திறந்தது. இடைக்காலங்களிற் கடல்வழியே செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்களும் நோயாளரை ஏற்றிச் சென்றதுண்டு. உயிருக்கு ஊறு விளைக்கும் காயங்கள் முன்னிற்க, சொத்தைப் பல்லும் வெண்திட்டும் வரிசையின் கடைசியில் நிற்பது இயல்பே. காக்கக்கூடிய பற்கள் பிடுங்கப்பட்டமைக்கும், காணக்கூடிய புண்கள் காணப்படாது போனமைக்கும் கணக்கு எழுதியவர் இலர். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தபோது ஒரு தலைமுறை கடந்திருந்தது.

இதனிடையே உலகில் நிழற்படம் நோயாளருக்கு முன்னே பயணஞ்செய்யப் பழகிக்கொண்டது. 1895 நவம்பரில் றொன்ற்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டு மாதங்களுக்குள், 1896 சனவரியில், ஒற்றோ வால்கொவ் என்னும் செருமானியப் பல் வைத்தியர் தம் சொந்தப் பற்களையே படமெடுத்தார்; அதற்கு அவர் இருபத்தைந்து நிமிடம் அசையாது இருக்கவேண்டியிருந்தது. 1994இல் அமெரிக்க இராணுவத்தின் பல் வைத்தியப் பிரிவினர், வாயினுட் செலுத்தும் சிறு ஒளிப்படக் கருவியால் எடுத்த படங்களைத் தொலைபேசி இணைப்பு வழியாக நூறு மைலுக்கும் அப்பாலிருந்த நிபுணருக்கு அனுப்பிக் கருத்துப் பெற்றனர். தொலைவழிப் பல் வைத்தியத்தின் தொடக்கமாக இது கொள்ளப்படுகின்றது. பெங்களூரில், கிராமங்களில் எடுத்த வாய்ப்படங்களைக் கைத்தொலைபேசி மூலம் நிபுணருக்கு அனுப்பிச் செய்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியாயிற்று. படமெடுத்தவரின் பயிற்சிக்கேற்ப முடிவின் உறுதியும் வேறுபட்டது என்பது அதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

சாவகச்சேரிக்கு இது ஏட்டுச்செய்தியாக நிற்கவில்லை. 1983இன் பின் உலகெங்கும் பரவிய குடும்பங்களில் தென்மராட்சிக் குடும்பங்களும் பல. ரொறன்ரோவிலோ லண்டனிலோ பல் வைத்தியம் கற்ற ஒரு மருமகனோ பெறாமகளோ இருப்பின், ஊரில் எடுத்த எக்ஸ்கதிர்ப் படம் அன்றிரவே கைத்தொலைபேசியில் அங்கு சென்றுவிடுகின்றது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோதும், அவ்வாண்டு ஆகஸ்டில் அவசரமற்ற பற்சிகிச்சைகளைப் பிற்போடுமாறு உலக சுகாதார நிறுவனம் ஆலோசனை கூறியபோதும், தொலைவிலிருந்து கருத்துக் கேட்கும் வழக்கம் மேலும் வலுப்பெற்றது. கிறீனின் பொதி கடலில் வாரக்கணக்காகச் சென்ற தூரத்தை இன்று ஒரு படம் கணப்பொழுதிற் கடக்கின்றது.

இந்நிலையில் பழைய எண்வகைத் தேர்வை மீண்டும் நினைவுகூர்தல் பொருத்தமாகும். நாக்கும் நிறமும் படத்தில் தெரியும். நாடியும் தொட்டறிதலும் படத்திற் செல்லா. பல் வைத்தியர் பல்லைத் தட்டிப் பார்க்கின்றார். குளிர்ச்சியை வைத்துப் பல்லின் உயிர்ப்பை அறிகின்றார். முரசுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பையின் ஆழத்தை நுண்கோலால் அளக்கின்றார். புண்ணின் விளிம்பு கடினமானதா எனத் தடவி உணர்கின்றார். இவற்றுள் எதுவும் ஒளிப்படத்தில் இல்லை. எக்ஸ்கதிர்ப் படமும் முப்பரிமாணப் பொருளின் தட்டையான நிழலே. பல்லின் நுண்ணிய வெடிப்பை அது காட்டாது விடக்கூடும். சந்தேகத்துக்குரிய புண்ணில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியிற் சோதித்தாலன்றி முடிவு கூறுதல் இயலாது. எனவே தொலைவிலுள்ளவரின் கருத்து, அருகிலுள்ள வைத்தியர் தொட்டறிந்தவற்றை எழுதிச் சேர்த்து அனுப்பும்போதே முழுமை பெறும். மறுகருத்து முதல் வைத்தியருக்கு எதிரானது என்னும் எண்ணம் தவறானது. அவருடைய துணையின்றி அது குருட்டுக் கருத்தாகிவிடும்.

எஞ்சி நிற்பது மொழி என்னும் தேர்வு. பற்களைக் குறிப்பதற்கு உலகப் பல் வைத்தியர் சம்மேளனம் 1970இல் ஈரிலக்க முறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. 36 என எழுதினால் கீழ்த்தாடையின் இடப்புறத்து முதற் கடைவாய்ப்பல் என்பதைச் சாவகச்சேரியிலும் ரொறன்ரோவிலும் ஒரேவிதமாக அறிந்துகொள்வர். இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பல்லை ஏன் பிடுங்கவேண்டும், பிடுங்காவிடின் என்ன நேரும், வேறு வழி உண்டா, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பவற்றுக்கு இலக்கம் விடையாகாது. நோயாளரின் கையிலுள்ள குறிப்போ ஆங்கிலத்திலேயே உள்ளது. அதனைப் படிக்க முடியாத ஒருவர் இன்னொருவரிடம் எதைக் கேட்பார்? படத்தை அனுப்புபவர் மருமகன்; விடையைப் பெறுபவரும் மருமகன்; பல்லுக்குரிய அம்மாவுக்குக் கிடைப்பது பிடுங்கலாம் என்ற ஒரு சொல் மட்டுமே. அவ்விடத்து நிகழ்ந்தது இரண்டாவது தீர்ப்பேயன்றி மறுகருத்து ஆகாது.

இக்குறையைத் தீர்ப்பதற்குப் பெரிய நிறுவனமோ பெரும் பொருளோ தேவையில்லை. எந்தப் பல், எந்த நாளிற் பரிசோதிக்கப்பட்டது, தட்டியும் குளிர்ச்சியிட்டும் கண்டது யாது, கூறப்பட்ட சிகிச்சை யாது, மாற்று வழி யாது என்பவற்றைத் தாங்கிய ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு நோயாளர் ஒவ்வொருவருக்கும் வழங்கப்படுமாயின், அவர் தம் வினாவைத் தாமே எழுப்பக்கூடியவராவார். வலியில்லாவிடினும் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணைக் காட்டுதல் வேண்டும் என அதிலே ஒருவரி எழுதப்படுமாயின், 1984இல் அறியப்பட்ட அரைவாசிப்பேரின் கதை திரும்பாதிருக்கக்கூடும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு வைத்தியரும் தம் வாய்மொழியால் நிரப்பிவரும் இடைவெளி அது. மருத்துவமனைகளில் நெருக்கடி மிகும்போது முதலிற் குறைவதும் அவ்வாய்மொழியே.

வூஸ்ரர் நகரின் மயானத்திலுள்ள கிறீனின் கல்லறையில், அவர் விரும்பியவாறே, தமிழருக்கு மருத்துவப் பணியாற்றியவர் என அவர் குறிக்கப்பட்டுள்ளார். அவர் விட்டுச்சென்ற நூல்களிலுள்ள வைத்தியம் இன்று பழையதாகிவிட்டது. அவருடைய கலைச்சொற்கள் பலவும் வழக்கொழிந்தன. பழையதாகாதது அவர் கண்ட உண்மை ஒன்று: நோயாளரின் மொழியில் இல்லாத வைத்திய அறிவு, எவ்வளவு விரைவாக வந்தாலும், வழியிலேயே நின்றுவிடும். சாவகச்சேரிக்கும் உலகுக்கும் இடையிலிருந்த தூரத்தைப் புகையிரதமும் தொலைபேசியும் குறைத்துவிட்டன. எழுதப்பட்ட குறிப்புக்கும் அதனைக் கையில் வைத்திருப்பவருக்கும் இடையிலுள்ள ஓரடித் தூரத்தைக் குறைக்கும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.